உறைவதும் காறுவதும்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பதைக் கண்டு, "கலப்படமோ?" என்று ஐயுறுவோர் உண்டு. ஆனால், பலகாரம் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை நாம் அவ்வளவாக ஐயுறுவதில்லை. இவ்விரண்டில் எது இயல்பு, எது கேடு என்பதை வேதியியல் துணைகொண்டு காண்போம்.

எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்ததாகும். அமிலச் சங்கிலியின் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பு இல்லையெனில் அது நிறைவுற்றது, இருப்பின் நிறைவுறாதது. நிறைவுற்ற சங்கிலிகள் நேரான விறகுகளைப் போல நெருங்கி அடுங்கும். ஆதலின் எளிதில் உறையும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றவையே. எனவே அது சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குகிறது. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும். கோணல் விறகு நெருங்கி அடுங்காது. அதே காலையில் நல்லெண்ணெய் உறையாமலிருப்பது இதனாலேயே. உறைதல் வெறும் பௌதிக மாற்றம். புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் அதே எண்ணெய் திரும்பக் கிடைக்கும்.

காய்ச்சும்போது நிகழ்வதோ வேதி மாற்றம். உணவிலுள்ள ஈரம் மூலக்கூறுகளை நீராற்பகுத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே விடுவிக்கிறது. இவை பெருகப் பெருக, எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே புகைகிறது. கண்ணைக் கரிக்கும் அப்புகையில் அக்ரோலின் உள்ளது. காற்றின் ஆக்சிஜனோ இரட்டைப் பிணைப்புகளை ஒட்டித் தாக்குகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைய, எண்ணெய் தடித்து நுரைக்கிறது. வடிகட்டினால் கசடு நீங்குமே தவிர இம்மாற்றம் நீங்காது. இதனால் விளையும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள விதி.

சேமிப்பிலும் ஆக்சிஜனே பகை. ஒளியும் வெப்பமும் செம்பு, இரும்பு போன்ற உலோகங்களும் அதற்குத் துணை. காறல் வாடை இதன் விளைவே. இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் விரைவில் கெடும். நல்லெண்ணெயை அதிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் காக்கின்றன. பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றினால், பழையதிலுள்ள பெராக்சைடுகள் புதியதையும் கெடுக்கும்.

எஞ்சிய எண்ணெயைக் கொட்டிவிட எந்த ஏழை வீட்டிலும் மனம் வராது. ஆகவே, வாணலியில் தேவையான அளவே ஊற்றுவோம். எஞ்சியதை வடிகட்டி, மீண்டும் பொரிக்காமல் ஓரிரு நாளில் தாளித்து முடிப்போம். உறைந்த எண்ணெய்க்கு அஞ்ச வேண்டா. கறுத்த எண்ணெய்க்கே அஞ்ச வேண்டும்.