பறவையை அழைக்கும் குரல்

கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்குச் செல்வோர் இரண்டு வகையான சேவற் கூவலைக் கேட்டிருப்பர். லயத்துச் சேவல் தன் கூவலின் கடைசி ஓசையை நீட்டி முடிக்கும். காட்டோரத்திலிருந்து கூவும் சேவலோ அவ்வோசையைக் கத்தரித்தாற்போல் சட்டென நிறுத்திவிடும். அதுவே காட்டுக்கோழி, நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை. சாம்பல் நிறக் கால்களும் வாலடியில் வெண்மையும் அதன் அடையாளங்கள். ஆயினும் இருட்டில் அவற்றைக் காண இயலாது; காதுதான் துணை. இவ்வாறு காதால் பிரித்தறிவதே பறவையை அழைக்கும் கலையின் முதற்பாடமாகும்.

அழைப்பைக் கேட்டுப் பறவை ஏன் வருகிறது? அறியாமையால் ஏமாந்து வருகிறது என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. உண்மையில், பறவைகளின் குரலுக்குப் பொருள் உண்டு. ‘இங்கே இரை இருக்கிறது, வா’ என்பது ஒருவகைக் குரல். ‘இது என் இடம், விலகிப் போ’ என்பது மற்றொரு வகை. வேட்டைக்காரன் இவ்விரண்டில் ஒன்றைத்தான் போலி செய்கிறான். எதனைப் போலி செய்கிறான் என்பதைப் பொறுத்தே எந்தப் பறவை அவனிடம் அகப்படும் என்பதும் அமைகிறது.

முதல் வகைக்குத் தக்க சான்று வட அமெரிக்காவில் உள்ளது. நீண்ட கழுத்துடைய ‘கூஸ்’ என்னும் பெருவாத்து இனத்தில் ‘கேக்ளிங் கூஸ்’ எனப்படும் சிறியது ஒன்று உண்டு. அதனைப் பெரிய கனடா வாத்தினின்றும் வேறானதோர் இனமாக அந்நாட்டுப் பறவை நூலார் 2004 ஆம் ஆண்டில்தான் ஏற்றுக்கொண்டனர். பெரிய வாத்தின் குரல் தாழ்ந்து நீண்டு ஒலிக்கும். சிறியதன் குரலோ உயர்ந்தும் விரைந்தும் ஒலிக்கும். ஆகவே, இதனை அழைப்போர் உள்ளே மெல்லிய நாக்குப் பொருத்திய குட்டையான குழலை வாயில் வைத்து ஊதுவர். கூட்டம் தொலைவில் செல்லும்போது உரக்கவும் இடைவிடாமலும் ஊத வேண்டும். ஒருவர் குரல் கூட்டத்தின் குரலாகாது என்பதால் இருவர் மூவர் சேர்ந்து ஊதுவதும் உண்டு. பறவைகள் திரும்பி நெருங்கியதும், மேயும் வாத்துகள் தமக்குள் முணுமுணுப்பது போல் ஓசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அவை இறங்கத் தொடங்கிய பின்னும் உரக்க ஊதுபவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். முற்காலத்தில் உயிருள்ள வாத்துகளையே கட்டிவைத்து அழைத்தனர். வாத்துகள் பெருமளவில் குறைந்துபோனமையால், 1935 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அம்முறையைத் தடை செய்தது.

நம் நாட்டில் அத்தகைய பெருவாத்துகள் இல்லை. சீழ்க்கை அடித்துக்கொண்டே பறக்கும் பெலிபிஸ், அதனினும் சிறிய இத்தேக் காப்பாஸ் ஆகிய சிறு காட்டு வாத்துகளே உள்ளன. இரண்டும் மரப்பொந்துகளில் முட்டையிடக் கூடியவை. கூட்டத்துப் பறவையைக் குரலால் அழைக்கும் கலையை இங்கு மலாய் மக்கள் வேறொரு பறவையிடம் வளர்த்தனர். அது ‘பூனாய்’ எனப்படும் பச்சைப்புறா. இலைகளால் வேய்ந்த சிறு குடிலுள் மறைந்திருந்து, ‘பூலோ டெக்குட்’ என்னும் மூங்கிற்குழலை ஊதிப் புறாக்களை இறங்கச் செய்வர். சிலாங்கூரில் பணியாற்றிய ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் 1900 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் குறித்துள்ளார்.

இனி இரண்டாவது வகை. பழக்கிய காட்டுக்கோழியை ‘டெனாக்’ என்பர். அதனைக் காட்டோரத்தில் கட்டிவைத்துச் சுற்றிலும் கண்ணிகளை நட்டுவிடுவர். டெனாக் கூவியதும், அப்பகுதிக்கு உரிய சேவல் அயலானை விரட்டச் சினத்தோடு ஓடிவந்து கண்ணியில் மாட்டிக்கொள்ளும். தோட்டத்து அல்லூர்களில் திரியும் வெண்மார்புக் கானாங்கோழியையும் இவ்வகையிலேயே அழைக்கின்றனர். மலாய்க்காரர் அதன் குரலையே பெயராக்கி ‘ருவாக்-ருவாக்’ என்றனர். இன்று அதற்குக் குழலும் வேண்டுவதில்லை, டெனாக்கும் வேண்டுவதில்லை. பதிவு செய்த குரலை ஒரு சிறு ஒலிபெருக்கியில் இட்டுப் புதரில் வைத்துவிட்டால் போதும். குழல் ஊதக் கற்றவன் பறவையின் வாழ்க்கையையும் ஓரளவு கற்றிருந்தான். பெட்டியின் விசையைத் தட்டுபவனுக்கு அந்த அறிவு எதற்கு?

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ‘விலகிப் போ’ என்னும் குரலுக்கு விடை கொடுக்க ஓடிவருவது எந்தப் பறவை? வழிப்போக்காக வந்த பறவையன்று. தனக்கென ஓர் இடம் பிடித்துத் துணையோடு வாழும் பறவையே பெரும்பாலும் வருகிறது. கானாங்கோழியில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, கரிய குஞ்சுகளை இருவருமாகவே வளர்க்கின்றன. ஆகவே, இனப்பெருக்கக் காலத்தில் குரல் கேட்டு வந்து அகப்படும் ஒரு பறவைக்குப் பின்னால், அல்லூரின் கரையிலே ஆறிப்போகும் முட்டைகளோ இரைக்குக் காத்திருக்கும் குஞ்சுகளோ இருக்கக்கூடும். கூட்டத்தில் ஒன்றை இழப்பதும் கூட்டுக்கு உரியதை இழப்பதும் ஒன்றாகா.

கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையை ஒட்டிய பந்தி வனம், பறவை காண்போரிடையே பெயர் பெற்றது. அங்கு வருவோரிலும் சிலர், படம் எடுக்கும் ஆவலில் பதிவுக் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கின்றனர். துப்பாக்கியும் கண்ணியும் இல்லாவிடினும், கூட்டை விட்டுப் பறவையை நெடுநேரம் அலையவைப்பது தீங்கேயாகும். நம் பிள்ளைகள் காட்டோரத்தில் சீழ்க்கை அடித்துக் குயிலோடு போட்டியிடுவதுண்டு. பறவை விடை கொடுத்ததும் இரண்டொரு முறையோடு நிறுத்திக்கொள்ள அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

வனவிலங்குகளைக் காக்க 1972 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் பதிலாக, 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பொழுது நடைமுறையில் உள்ளது. காட்டுக்கோழியும் ருவாக்-ருவாக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ‘பெர்ஹிலித்தான்’ என்னும் வனவிலங்கு இலாகாவின் உரிமம் இன்றி அவற்றை வேட்டையாடுதல் கூடாது. கண்ணியைப் பற்றிய விதியோ இன்னும் கடுமையானது. பறவை எதுவும் பிடிபடாவிட்டாலும், கண்ணியை வைத்திருப்பதே குற்றமாகும்; அபராதமும் சிறையும் நேரலாம். ‘தம்பி, இதனைக் கொஞ்சம் உன் வீட்டில் வைத்திரு’ என்று ஒருவர் தரும் கம்பிச் சுருளை, உதவி என்றெண்ணி வாங்கி வைக்கும் தொழிலாளியும் சட்டத்தின் முன் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மரம் சீவச் செல்லும் நிரையில் கண்ணியைக் கண்டால் அதனைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லாது, அந்த நிரையையும் மரத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டு கங்காணியிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லி, இலாகாவுக்குத் தெரிவிக்கச் செய்தல் வேண்டும்.