பூஜ்யமாகிப்போன சித்தன்னவாசல்: டேட்டா டைப் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன செமஸ்டர் டிபிஎம்எஸ் மினி ப்ராஜெக்ட்டுக்கு கிளாஸ்ல பாதிப் பேர் லைப்ரரி மேனேஜ்மென்ட், மீதிப் பேர் ஹாஸ்டல் மேனேஜ்மென்ட். நாங்கள் மூன்று பேர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக, புதுக்கோட்டை மாவட்டக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டோம். காரணம் ரொம்ப எளிது. டீம்ல ஒருத்தனோட தாத்தா ரிட்டயர்டு வாத்தியார். ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய், பார்த்த கல்வெட்டுகளைப் பற்றி ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். டேட்டா ரெடி, டைப் செய்தால் போதும் என்று நினைத்தோம்.

ரெண்டு வாரம் மாற்றி மாற்றி உட்கார்ந்து டைப் செய்தோம். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி டேபிளைத் திறந்து பார்த்தால், கல்வெட்டின் காலம் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசை: 0000-00-00, 0000-00-00, 0000-00-00.

என்ன நடந்தது? காலம் என்றால் தேதிதானே என்று அந்த நெடுவரிசைக்கு 'டேட்' டைப் கொடுத்திருந்தோம். உள்ளே போட்டதோ 'கி.மு. 1-ஆம் நூற்றாண்டு', '9-ஆம் நூற்றாண்டு' போன்ற வரிகள். நாங்கள் பயன்படுத்திய மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தது. அதனால் அது எரர் காட்டி நிறுத்தவில்லை. ஒரு வார்னிங்கை மட்டும் போட்டுவிட்டு, புரியாததை எல்லாம் பூஜ்யமாக்கிச் சேமித்துக்கொண்டது. வார்னிங்கை யார் படிக்கிறது?

தாத்தாவின் நோட்டு பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். மறுபடி டைப் செய்தோம். ஆனால் நோட்டே இல்லாமல், நேரடியாக கம்ப்யூட்டரில் மட்டும் பதிகிற ஒரு இடத்தில் இது நடந்திருந்தால்? போனது போனதுதான். டேட்டா டைப் என்பது எக்ஸாமுக்கு ரெண்டு மார்க் கேள்வி இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

டைப் என்ன செய்கிறது?

ஒரு நெடுவரிசைக்கு டைப் கொடுக்கும்போது டேட்டாபேஸிடம் மூன்று விஷயம் சொல்கிறீர்கள். எந்த மதிப்பெல்லாம் உள்ளே வரலாம், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அதை வைத்து என்ன கணக்குப் போடலாம். நாம் பொதுவாக இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறோம். உண்மையான ஆபத்து முதலாவதில்தான் இருக்கு. உங்கள் டேட்டாவில் வரக்கூடிய ஒரு உண்மைக்கு டைப்பில் இடம் இல்லை என்றால், ஒன்று அது வெளியே நிற்கும், இல்லையென்றால் உருமாறி உள்ளே போகும். உருமாறிப் போவதுதான் மோசம்.

நம் மாவட்டக் கல்வெட்டுகளை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நல்ல டெஸ்ட் கேஸ் வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்தது கிடைக்காது.

1. காலம்: எல்லாத் தேதியும் 'டேட்' இல்லை

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் குகைக்குப் போயிருப்பீர்கள். அங்கே சமணப் படுக்கைகளில் உள்ள தமிழிக் கல்வெட்டை கி.மு. 1-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அதே மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் குகைக் கோயிலில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்து 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கு. இந்த இரண்டையும் டேட்டாபேஸில் போட்டுப் பாருங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் 'டேட்' டைப்புக்கு அதிகாரப்பூர்வ எல்லை 1000-01-01 முதல் 9999-12-31 வரை. அதற்கு முந்தையது வேலை செய்யலாம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. அதாவது பல்லவர், முற்காலப் பாண்டியர், முற்காலச் சோழர் எல்லாரும் எல்லைக்கு வெளியே! 'இயர்' டைப் இன்னும் மோசம், 1901 முதல் 2155 வரைதான். எஸ்கியூஎல் சர்வரின் பழைய 'டேட்டைம்' 1753-இல் தொடங்குகிறது. பிரிட்டன் 1752-இல்தான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது, அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க அப்படி வைத்தார்கள். போஸ்ட்கிரெஸ் மட்டும் தாராளம், கி.மு. 4713 வரை பின்னால் போகும்.

சரி, போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எல்லை சிக்கலின் ஒரு பாதிதான். '9-ஆம் நூற்றாண்டு' என்பது ஒரு நாளே கிடையாது. அதை 'டேட்' ஆக்க வேண்டும் என்றால் 0801-01-01 என்று ஏதாவது ஒரு நாளை நாமே கற்பனை செய்ய வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த டேபிளைப் பார்க்கிறவர், கல்வெட்டு சரியாக ஜனவரி 1-ஆம் தேதி வெட்டப்பட்டது என்று நம்புவார்.

கல்வெட்டுகள் தங்கள் காலத்தை எப்படிச் சொல்கின்றன? பெரும்பாலும் 'இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனை' என்று ஆட்சியாண்டில். பிற்காலத்தவற்றில் சக ஆண்டும் வரும். அதை அப்படியே வைப்பதுதான் நேர்மை. நாங்கள் கடைசியில் செய்தது இது: அரசன் பெயருக்குத் தனி டேபிள். ஆட்சியாண்டுக்கு ஒரு 'ஸ்மால்இன்ட்'. கணிக்கப்பட்ட காலத்துக்கு 'தொடக்க ஆண்டு', 'முடிவு ஆண்டு' என்று இரண்டு 'ஸ்மால்இன்ட்'. இந்த டைப் இரண்டே பைட்தான், −32768 முதல் 32767 வரை தாங்கும். கி.மு. ஆண்டை மைனஸில் வைத்தோம். ஏழடிப்பட்டம் −100 முதல் −1, ஸ்ரீவல்லபன் கல்வெட்டு 801 முதல் 900. இப்போது 'கி.பி. 850-ஐ உள்ளடக்கிய கல்வெட்டுகள் எவை' என்று கேட்டால் குவெரி சரியாகப் பதில் சொல்லுது.

'டேட்' டைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14. இது ஒரு நாள், 'டேட்' பொருத்தம். நாம் அந்தக் கோயிலுக்கு நேரில் போய்ப் பார்த்த நாளும் 'டேட்'தான்.

2. தமிழ் எழுத்து: 6, 12, 36

'புதுக்கோட்டை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பு, து, க், கோ, ட், டை. ஆறு. யூனிகோடைப் பொறுத்தவரை பன்னிரண்டு, ஏனென்றால் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குக் குறியும் தனித்தனிக் குறியீட்டு எண்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 36 பைட்!

இப்போது 'வார்சார்' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடும் எண் எதைக் குறிக்கிறது? மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் அது யூனிகோட் எழுத்துக் கணக்கு. 12 இருந்தால் புதுக்கோட்டை உள்ளே போகும். ஆரக்கிளில் இயல்பாக அது பைட் கணக்கு. அங்கே 30 கொடுத்தாலும் இந்த ஆறெழுத்து ஊர் உள்ளே போகாது, எரர் வரும். எஸ்கியூஎல் சர்வரில் சாதாரண 'வார்சார்' வைத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறும் வாய்ப்பு அதிகம். அங்கே 'என்வார்சார்' வேண்டும், குவெரியில் எழுதும் மேற்கோளுக்கு முன்னாலும் 'என்' சேர்க்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாமல் 10 என்று கொடுத்தால் ஊர்ப் பெயர் 'புதுக்கோட்' என்று நின்றுவிடும். ஆங்கிலப் பெயரை வைத்து நீளம் கணக்குப் போட்டால் இப்படித்தான்.

இன்னொரு பள்ளம் இருக்கு. மைஎஸ்கியூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்று எழுதினால், ஒரு எழுத்துக்கு 3 பைட் வரை மட்டுமே தாங்கும் பழைய வடிவம் கிடைக்கலாம். நாம் தினமும் எழுதும் தமிழுக்கு அது போதும். ஆனால் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பல்லவ கிரந்தத்தில் இருக்கு. யூனிகோடில் கிரந்த எழுத்துகளுக்கு 4 பைட் வேண்டும். 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அப்படியே. எனவே எப்போதும் 'யூடிஎஃப்8எம்பி4' என்றே கொடுங்கள்.

கல்வெட்டின் முழுப் பாடத்துக்கு 'டெக்ஸ்ட்'. அதன் எல்லை 65,535 பைட், தமிழில் 21,845 குறியீடுகள். ரொம்ப நீளமான பாடம் வரும் என்றால் 'மீடியம்டெக்ஸ்ட்'.

3. எண் மாதிரி இருப்பதெல்லாம் எண் அல்ல

தகவல் தருபவரின் போன் நம்பருக்கு முதலில் 'இன்ட்' வைத்திருந்தோம். 'இன்ட்' தாங்கும் உச்சம் 2,14,74,83,647. ஒன்பதில் தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண் அதைத் தாண்டிவிடும். ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத மைஎஸ்கியூஎல் என்ன செய்யும் தெரியுமா? எல்லாருக்கும் 2147483647 என்ற ஒரே நம்பரைக் கொடுத்துவிடும். இணையத்தில் எங்காவது இந்த எண்ணைப் போன் நம்பராகப் பார்த்தால் சிரித்துக்கொள்ளுங்கள், காரணம் உங்களுக்குத் தெரியும்.

'பிக்இன்ட்' வைத்தால் சரியாகிவிடுமா? நம்ம ஊர் எஸ்டிடி கோடு 04322. எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 4322 ஆகிவிடும். ஒரு சின்ன சோதனை சொல்கிறேன்: இந்த எண்ணைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ வேண்டிய தேவை எப்போதாவது வருமா? வராது என்றால் அது எண் இல்லை, எண்ணால் எழுதப்பட்ட பெயர். போன், பின்கோடு, ஆதார், ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் இந்த வகை. எல்லாவற்றுக்கும் 'வார்சார்' அல்லது 'சார்'.

4. மா, முந்திரி, அம்மன் காசு

கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளில் வேலி, மா, காணி, முந்திரி எல்லாம் வரும். பழைய பின்ன வாய்பாட்டில் மா என்றால் 20-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒரு பங்கு, முந்திரி 320-இல் ஒரு பங்கு. முந்திரியைத் தசமத்தில் எழுதினால் 0.003125.

நாம் பழக்க தோஷத்தில் 'டெசிமல்' என்று எழுதி, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் கொடுப்போம். முந்திரி 0.00 ஆகிவிடும். யாரோ ஒருவர் கொடுத்த நிலம் டேபிளில் காணாமல் போகும். புதுக்கோட்டை சமஸ்தானம் அச்சடித்த அம்மன் காசும் இதே கதைதான். அணாவில் 20-இல் ஒரு பங்கு, ரூபாய்க்கு 16 அணா, ஆக ரூபாயில் 320-இல் ஒரு பங்கு.

'ஃப்ளோட்' வைத்தால்? அது இரும எண்ணில் சேமிக்கிறது. 10-இல் ஒரு பங்கையோ 20-இல் ஒரு பங்கையோ இருமத்தில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. அதனால்தான் பல மொழிகளில் 0.1-யும் 0.2-யும் கூட்டினால் 0.30000000000000004 வருது. இருபது மாவைக் கூட்டி 'இது ஒரு வேலிக்குச் சமமா' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில் வரக்கூடும்.

வழி என்ன? மிகச் சிறிய அலகைத் தேர்ந்தெடுத்து முழு எண்ணாகச் சேமியுங்கள். ஒரு வேலியை 320 முந்திரி என்றும், ஒரு ரூபாயை 320 அம்மன் காசு என்றும் 'பிக்இன்ட்'டில் வைத்தால் கணக்கு பிசகாது. இன்றைய ரூபாய்க்கு பைசாவை முழு எண்ணாக வைக்கலாம், அல்லது இரண்டு தசம 'டெசிமல்' போதும்.

ஜிபிஎஸ் இடக்குறிப்பிலும் தசமம் முக்கியம். இரண்டு தசமம் என்றால் சுமார் 1.1 கிலோமீட்டர். ஏழடிப்பட்டமும் குகைக் கோயிலும் ஒரே புள்ளியாகிவிடலாம். மொத்தம் 9 இலக்கம், அதில் 6 தசமம் என்று 'டெசிமல்' கொடுத்தால் ஒரு சாண் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும்.

கிரியேட் டேபிள் எழுதும் முன்

உங்கள் ப்ராஜெக்ட் கல்வெட்டாக இல்லாமல் ஹாஸ்டல் மெஸ்ஸாகவே இருக்கட்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இவற்றைக் கேளுங்கள்:

• இதில் வரக்கூடிய மிகச் சிறிய, மிகப் பெரிய, மிக விசித்திரமான மதிப்பு எது? மூன்றையும் முதலில் இன்சர்ட் செய்து பாருங்கள்.
• இதை வைத்துக் கணக்குப் போடுவோமா, தேடுவோமா, வெறுமனே காட்டுவோமா?
• தமிழில் டைப் செய்து பார்த்தாயிற்றா?
• தெரியாத மதிப்பு வந்தால் 'நல்' வைக்க அனுமதி இருக்கா? தெரியாததற்குப் பூஜ்யம் வைப்பது பொய் சொல்வதற்குச் சமம்.
• ஸ்ட்ரிக்ட் மோட் போட்டிருக்கா? மைஎஸ்கியூஎல் 5.7 முதல் இயல்பாகவே இருக்கும், ஆனால் லேப் சிஸ்டத்தில் அணைத்திருக்கலாம். எஸ்கியூலைட் என்றால் இன்னும் உஷார். அது 'இன்டிஜர்' நெடுவரிசையில் எழுத்தைக்கூட வாங்கிக்கொள்ளும். 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல் டேபிளின் கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்துத் தடுக்கலாம்.

'எதற்கு இவ்வளவு? எல்லாவற்றுக்கும் வார்சார் 255 போட்டுவிடலாமே' என்று ஒரு சீனியர் சொன்னார். போடலாம், 255-க்குள் அடங்கும் எதுவும் தொலையாது. ஆனால் எழுத்தாக வரிசைப்படுத்தினால் 100 என்பது 9-க்கு முன்னால் வரும், 'கி.பி. 850' என்ற குவெரிக்குப் பதிலே கிடைக்காது. பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்த மாதிரி.

கடைசியாக ஒன்று. ரெண்டாவது தடவை டைப் செய்யும்போதுதான் தாத்தாவின் நோட்டை உண்மையிலேயே படித்தோம். பல கல்வெட்டுகளின் காலத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தார். முதல் தடவை அதை டைப் செய்யவே இல்லை, ஏனென்றால் 'டேட்' டைப்பில் கேள்விக்குறிக்கு இடம் கிடையாது. இப்போது எங்கள் டேபிளில் 'உறுதியா' என்று ஒரு நெடுவரிசை இருக்கு. ஒரே ஒரு பைட் எடுத்துக்கொள்ளும் 'பூலியன்'. தாத்தாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் அந்த நெடுவரிசையைத்தான் பார்த்தார்.