ஸ்வரக் கோவைகளும் லிஸ்ப் மொழிச் சார்புகளும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், சொர்ணமுகி ஆற்றின் கரையில் அமைந்த ஊர் நாயுடுபேட்டை. அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஸ்ரீகாளஹஸ்தி வழியாகத் திருப்பதியை அடைகிறது. இச்சாலையின் முடிவில், திருமலைக் கோயிலில், இசை வரலாற்றின் அரிய செல்வம் ஒன்று கிடைத்தது. தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) இயற்றிய சங்கீர்த்தனங்கள் பொறிக்கப்பட்ட செப்பேடுகளே அவை. ஏடுகளில் பாட்டின் சொற்கள் உள்ளன. இராகத்தின் பெயரும் உள்ளது. ஆனால் மெட்டைக் காட்டும் ஸ்வரக் குறிப்பு பெரும்பாலும் இல்லை. இன்று கேட்கப்படும் மெட்டுகளில் மிகப் பல 20-ஆம் நூற்றாண்டில் இராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய இசைப்புலவர்கள் அமைத்தவை.

இராகப் பெயர் தெரியும். இராகத்தின் விதிகளும் தெரியும். அவ்வாறாயின் விதிகளைக் கணிப்பொறிக்கு அளித்து மெட்டைப் பெற இயலாதா என்று மாணவர்கள் வினவுவது இயல்பு. இவ்வினாவுக்கு விடை காண, விதியிலிருந்து இசையை ஆக்கும் முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அம்முறைக்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் கருவிகளுள் ஒன்று லிஸ்ப் என்னும் கணிப்பொறி மொழி.

லிஸ்ப் மொழியை 1958-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி வகுத்தார். அதன் விளக்கம் 1960-இல் வெளியாயிற்று. இம்மொழியில் எல்லாப் பொருளும் கோவையாகவே எழுதப்படும். அடைப்புக்குறிக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்ட உறுப்புகளே கோவை. (ச ரி க ம ப) என்பது ஐந்து ஸ்வரங்களின் கோவை. கணிப்பொறிக்கு இடும் ஆணையும் ஒரு கோவையே. அதன் முதல் உறுப்பு செய்ய வேண்டிய செயலின் பெயர், ஏனையவை அச்செயலுக்குரிய பொருள்கள். (கூட்டு 2 3) என எழுதினால் 5 விடையாக வரும். இவ்வாறு பொருளை ஏற்று விடையைத் திருப்பித் தரும் ஒன்றே சார்பு எனப்படும். இக்கட்டுரையில் ஆணைச் சொற்கள் விளக்கத்தின் பொருட்டுத் தமிழில் தரப்படுகின்றன.

கோவையைக் கையாள இரண்டு செயல்கள் அடிப்படையானவை. ஒன்று கோவையின் தலை உறுப்பைத் தருவது. மற்றொன்று தலையை நீக்கி எஞ்சியதைத் தருவது. (எஞ்சு (ச ரி க ம ப)) என்றால் (ரி க ம ப) கிடைக்கும். இந்த இரண்டாம் செயல் கர்நாடக இசையறிந்தோர்க்குப் புதியதன்று. கோபுச்ச யதி என்பது அதுவே. பசுவின் வால் போல அகன்று தொடங்கிக் குறுகி முடிவது கோபுச்சம். முத்துசுவாமி தீட்சிதர் ஆனந்தபைரவியில் இயற்றிய ‘த்யாகராஜ யோக வைபவம்’ என்னும் கீர்த்தனையில் சொற்றொடர் முன்பக்கத்தில் சிறிது சிறிதாகக் குறைந்து செல்வதைப் பாடகர் யாவரும் அறிவர். அதனை லிஸ்ப் முறையில் எழுதினால் இவ்வாறு அமையும்:

(வரை கோபுச்சம் (கோவை)
  (வெற்றெனில் கோவை
    வெற்று
    (இணை கோவை (கோபுச்சம் (எஞ்சு கோவை)))))

இதன் பொருள்: கோவையில் ஒன்றும் இல்லையெனில் நின்றுவிடுக, இருப்பின் கோவையை முழுதும் ஒலித்து, அதனோடு தலை நீங்கிய கோவையின் கோபுச்சத்தை இணைத்திடுக. சார்பு தன் வரையறைக்குள்ளேயே தன்னை அழைக்கிறது. தொடக்கத்தில் மாணவரை மருட்டும் இடம் இதுவே. ஆயின் ஒவ்வோர் அழைப்பிலும் கோவை ஓர் உறுப்புக் குறைவதால், ஓரிடத்தில் வெறுமை எய்தி நின்றே தீரும். ச ரி க ம ப எனத் தொடங்கினால் ரி க ம ப, க ம ப, ம ப, ப என முடியும். மொத்தம் 15 ஸ்வரங்கள்.

‘இணை’ என்பதன் பின்னுள்ள இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றி, உள்ளழைப்பிலும் புதிய பெயரையே இட்டால், ப, ம ப, க ம ப எனப் பெருகிச் செல்லும் ஸ்ரோதோவஹ யதி கிடைக்கும். ஊற்றாகத் தோன்றி ஆறாக அகலுவது அது. ஒரே வரியில் இரு பகுதிகள் இடம் மாறியதற்கு இவ்வளவு வேறுபாடு! கரும்பலகையில் இதனைச் செய்து காட்டுதல் பல பக்க விளக்கத்தினும் பயன் தரும்.

தாளத்தோடு பொருத்தும்போது சார்பின் கணக்குச் சிறப்பாக வெளிப்படுகிறது. ஆதி தாளத்தில் 8 அக்ஷரங்கள். அக்ஷரத்துக்கு 4 மாத்திரையாக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரைகள். ஏழு ஸ்வரங்களின் கோபுச்சம் 7, 6, 5, 4, 3, 2, 1 எனக் குறைந்து மொத்தம் 28 மாத்திரை கொள்ளும். 32-இல் 28 போக எஞ்சுவது 4. ஆகவே சமத்திற்கு அடுத்த அக்ஷரத்தில் தொடங்கினால், கடைசி ஸ்வரம் ஒலித்து முடிந்தவுடன் அடுத்த ஆவர்த்தனத்தின் சமம் வந்து நிற்கும். ஐந்து ஸ்வரக் கோபுச்சத்திற்கு 17 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். அதாவது நான்கு அக்ஷரமும் ஒரு மாத்திரையும். ஒரு மாத்திரை பிசகினாலும் பிழை அவையில் உடனே புலப்படும். கையில் தாளம் போடுவோர் அனைவரும் அங்கே சோதனையாளர்.

மும்முறை ஒலிக்கும் தீர்மானமும் அவ்வாறே. சொற்கட்டு ‘ப’ மாத்திரை, இடைவெளி ‘க’ மாத்திரை எனக் கொண்டால், மூன்று சொற்கட்டும் இரண்டு இடைவெளியும் சேர்ந்து 3ப + 2க மாத்திரையாகும். ஐந்து மாத்திரைச் சொற்கட்டும் இரண்டு மாத்திரை இடைவெளியும் எனில் மொத்தம் 19. 13 மாத்திரை கழித்துத் தொடங்கலாம். ஆவர்த்தனம் முழுதும், 32 மாத்திரையும், நிறைய வேண்டுமெனில் ‘ப’ இரட்டைப்படை எண்ணாகவே இருத்தல் வேண்டும்: 10-க்கு 1, 8-க்கு 4, 6-க்கு 7 என்பன சில. ஒற்றைப்படை எண் பொருந்தாமைக்குக் காரணத்தை மாணவரே கண்டறியட்டும்.

இனி, ஸ்வரத் தேர்வு. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில், விஜயராகவ நாயக்கர் காலத்தில், வேங்கடமகி தமது ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களை வகுத்தார். அவற்றுள் அவர் காலத்தில் வழங்கியனவாக அவர் விவரித்தவை 19 மட்டுமே. ஏனையவை கணக்கினால் இடம் பெற்றவை. ஷட்ஜத்தை 0 எனவும் பஞ்சமத்தை 7 எனவும் கொண்டு ஸ்தாயியை 12 ஸ்தானமாகப் பிரித்தால், 1 முதல் 4 வரை உள்ள ஸ்தானங்களில் இரண்டைத் தேர்ந்து ரிஷபமும் காந்தாரமும் ஆக்க வேண்டும். அதற்கு வழி ஆறு. தைவத நிஷாதங்களுக்கும் ஆறு. அவை முன்னவற்றோடு 7 கூட்டியவையே. ஆகையால் ஒரே சார்பு இரண்டுக்கும் போதும். மத்தியமம் இரண்டு. ஆறு, ஆறு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 72.

மேள எண்ணிலிருந்து ஸ்வரங்களைக் காண, எண்ணில் ஒன்றைக் குறைத்து 36-ஆல் வகுக்க. ஈவு மத்தியமத்தைச் சொல்லும். மீதியை 6-ஆல் வகுக்க. ஈவு முன்பாதியையும் மீதி பின்பாதியையும் சொல்லும். மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம். ஒன்று குறைய 14. 36 அதில் அடங்காமையால் சுத்த மத்தியமம். 14-ஐ 6-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 2. இரு பாதியிலும் மூன்றாவது வகை. எனவே (0 1 4 5 7 8 11) என்னும் கோவை வருகிறது. பிள்ளைகள் முதற்பாடமாகப் பயிலும் ஸரளி வரிசையின் ஸ்வரங்கள் இவையே.

வகுத்து மீதி காணும் இவ்வழி வேங்கடமகிக்கும் முற்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பிரஸ்தாரத்தை விளக்குகிறார். நான்கு ஸ்வரங்களை 24 வகையாகவும், ஏழினை 5,040 வகையாகவும் வரிசைப்படுத்தலாம். அட்டவணை முழுதும் எழுதாமல், எண்ணைக் கொண்டே அவ்வெண்ணுக்குரிய வரிசையை அறிவது நஷ்டம். வரிசையைக் கொண்டு எண்ணை அறிவது உத்திஷ்டம். அகராதி ஒழுங்கில் ச ரி க ம நான்கின் 15-ஆவது வரிசை யாது? மீண்டும் 14. அதனை 6-ஆல் வகுக்க ஈவு 2. முதலில் மூன்றாவதான ‘க’. மீதி 2-ஐ 2-ஆல் வகுக்க ஈவு 1. எஞ்சிய ச ரி ம என்பவற்றுள் இரண்டாவதான ‘ரி’. பின் ச, ம. விடை: க ரி ச ம. (சார்ங்கதேவரின் வரிசை ஒழுங்கு இதனின் வேறு; முறையின் உள்ளமைப்பு ஒன்றே.)

மேனாட்டு முயற்சிகளுள் சிலவற்றைச் சுட்டினால் போதும். 1957-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் தற்செயல் எண்களைத் தோற்றுவித்து, விதிக்கு ஒவ்வாதவற்றைக் கழித்து, நான்கு தந்திக் கருவிகளுக்கு ஓர் இசைப்படைப்பை ஆக்கினர். லிஸ்ப் மொழி அப்போது பிறக்கவில்லை. 1981-இல் தம் பணியைத் தொடங்கிய டேவிட் கோப் லிஸ்ப் மொழியையே பயன்படுத்தினார். பாக் முதலியோரின் படைப்புகளைத் துண்டுகளாக்கி, இசைவு நோக்கி மீண்டும் பொருத்துவது அவர் முறை. ஹைன்ரிஷ் தௌபேயின் ‘காமன் மியூசிக்’, பாரிஸின் ‘ஓப்பன் மியூசிக்’ ஆகியனவும் லிஸ்ப் மொழியில் அமைந்தவை.

இத்துணைக் கருவிகளோடு செப்பேட்டு வினாவுக்குத் திரும்பலாம். கணக்கு எங்கே தடைப்படுகிறது என்பதற்கு மோகனம் எளிய சான்று. ஒரு மேளத்திலிருந்து ஓரிரு ஸ்வரங்களை விட்டு ஆரோகணம் 22 வகையாகவும் அவரோகணம் 22 வகையாகவும் அமைக்கலாம். 22-ஐ 22-ஆல் பெருக்கி, மேளத்தையே குறிக்கும் ஒன்றைக் கழித்தால் 483; எழுபத்திரண்டு மேளத்துக்கும் 34,776. பாடநூல்களில் பெருமையோடு கூறப்படும் இவ்வெண் உண்மையில் எண்ணிக்கைப் பிழை உடையது. மத்தியமமும் நிஷாதமும் அற்ற மோகனம் 28, 29, 64, 65 ஆகிய நான்கு மேளங்களிலிருந்தும் பிறக்கும். சார்பு அதனை நான்கு இராகமாக எண்ணுகிறது. செவிக்கு அது ஒன்றே.

இதற்கு மறுதலையான தடை இன்னும் பெரிது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஒரே ஆரோகண அவரோகணம் கூறப்படுவதுண்டு. ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் குறுகி ஒலிக்கும். நடையில் விறுவிறுப்பு மிகும். தேவகாந்தாரியோ விளம்பத்தில், நீண்டு அசையும் ஸ்வரங்களில் வாழ்வது. கோவையை மட்டும் ஏற்கும் சார்புக்கு இவ்விரண்டும் வேறல்ல. நாயுடுபேட்டையிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலேயே மற்றொரு சான்று உண்டு. ஸ்ரீகாளஹஸ்தியின் வாயு லிங்கத்தைப் போற்றித் தீட்சிதர் பாடிய கீர்த்தனை உசேனி இராகத்தில் அமைந்தது. ஏணிப்படி போன்ற ஸ்வர வரிசையால் உசேனியை அறிய இயலாது. அதற்கே உரிய சஞ்சாரங்களாலும் கமகங்களாலுமே அது அறியப்படும்.

சஞ்சாரங்களைச் சேர்க்க வழியுண்டு. ஸ்வரங்களின் கோவைக்குப் பதிலாகச் சொற்றொடர்களின் கோவையைச் சார்புக்கு அளிக்கலாம். கோப் செய்ததும் அதுவே. கமகத்தையும் ஓரளவு விதியாக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் அளித்த ஆய்வேடு, சுருக்கமான ஸ்வரக் குறிப்பிலிருந்து கமகத்தோடு கூடிய ஒலியை ஆக்கும் முறையைப் பற்றியதாகும். ஆயினும் செப்பேட்டில் ‘இன்ன இராகம்’ என்று மட்டும் இருக்கையில், அவ்விராகத்துக்கு ஒவ்வும் மெட்டுகள் கணக்கில்லாதன. சார்பு அவற்றுள் ஒன்றைத் தரும். அடுத்த முறை வேறொன்றைத் தரும். அன்னமாசாரியார் பாடியது எது என்று சொல்ல அதற்கு ஆதாரம் இல்லை. மேலும், 15-ஆம் நூற்றாண்டில் ஒரு பெயரால் வழங்கிய இராகம் இன்றும் அதே உருவில் உள்ளதெனக் கொள்ளவும் இயலாது. கணிப்பொறி தரும் மெட்டு புதிய மெட்டு. அதனைப் பழமை என்று வகுப்பில் அறிமுகப்படுத்துதல் தகாது. புதிய மெட்டு எனக் கூறிப் பாடுவதில் குற்றம் ஏதுமில்லை.

பள்ளியில் இதனைச் செய்துபார்க்கத் தனிக்கருவி வேண்டுவதில்லை. ஒலிப்பதிவைத் திருத்த உதவும் ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. அதனுள் ‘நைக்விஸ்ட்’ என்னும் மொழி அமைந்துள்ளது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோஜர் டானன்பர்க் ஆக்கிய அது லிஸ்ப் மொழியின் ஒரு வகை. அதில் ‘பிளக்’ என்னும் சார்பு மீட்டிய தந்தியின் ஒலியைத் தருவது. ஒரு கட்டைச் சுருதிக்கு 60 என்னும் எண்ணை ஷட்ஜமாகக் கொண்டு, மேளக் கோவையின் ஒவ்வோர் எண்ணையும் அதனோடு கூட்டினால் போதும். மாயாமாளவகௌளை 60, 61, 64, 65, 67, 68, 71 எனவும் மேல் ஷட்ஜம் 72 எனவும் ஒலிக்கும். ஸ்தானங்கள் சம இடைவெளி உடையனவாக இருக்குமாதலால், தம்புராவோடு ஒப்பிடும்போது காந்தாரம் சற்றே உயர்ந்து கேட்கும்; அதனைக் கேட்டுணரச் செய்தல் நன்று.

கருவியைத் திறக்குமுன் விரலால் எண்ணச் செய்க. ச ரி க ம ப த நி ஏழினையும் கோபுச்சமாக ஒரு மாணவர் பாட, மற்றவர் ஆதி தாளம் போடட்டும். தொடங்க வேண்டிய அக்ஷரத்தை அவர்களே கணித்துச் சொல்லட்டும். ச ரி க ம என்பது தெலுங்குக்கும் தமிழுக்கும் பொதுவாதலால், இருமொழி மாணவரும் ஒரே குழுவில் அமரலாம். அடுத்து ஆறு ஸ்வரங்கள்: மொத்தம் 21, தொடக்கம் 11 மாத்திரை கழித்து. எட்டு ஸ்வரங்கள் எனில் மொத்தம் 36. ஓர் ஆவர்த்தனம் போதாது. அப்போது எங்கே தொடங்குவது என்பதை இரண்டு ஆவர்த்தனத்தை வைத்துக் கணித்தபின், கணிப்பொறியின் விடையோடு ஒப்பிடலாம்.