முழங்காலில் மறுபடியும் அறுவை சிகிச்சையா?

முடக்குவாதத்தால் இளவயதிலேயே மூட்டு மாற்றிக்கொண்ட பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது. செயற்கை மூட்டு பெரும்பாலும் 15, 20 ஆண்டு உழைக்கும். ஓடியாடும் வயதில் தேய்மானம் சீக்கிரம். ஆகவே இரண்டாவது அறுவை வந்தால் அதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம்.

பழைய அறுவைக் குறிப்பையும், மூட்டின் நிறுவனம், அளவு அச்சிட்ட ஒட்டுத்தாளையும் தேடி எடுங்கள். மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கால் புண்தான் பெரிய எதிரி. ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்களைச் சிப்பி கிழிப்பது சகஜம். அந்தக் கீறல் வழியே கிருமி புகுந்து மூட்டைப் பிடித்தால், வைத்த மூட்டையே கழற்ற நேரலாம். அறுவைக்கு முன் புண் முழுக்க ஆறட்டும். சொத்தைப் பல்லையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பெரும்பாலும் தொடரலாம். உயிரியல் மருந்து ஊசிகளை எப்போது நிறுத்துவது என்பதை வாதநோய் மருத்துவர் சொல்வார். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் தனிப்பிரிவு உண்டு.

வீடு திரும்பியபின் வலை பழுது பார்ப்பதைத் தரையில் சம்மணமிடாமல் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மறு அறுவைக்குச் செல்லுமா என்று மருத்துவமனையில் சேரும் முன்பே அதன் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.