மருந்துச் சரக்கு விற்பவர் இணையத்தில் எதைத் தேடுவது?



கறுவா, வெந்தயம், கருஞ்சீரகம், தேன், கற்றாழை. புத்தளம் தொடக்கம் கற்பிட்டி வரை இவற்றில் இரண்டொன்றாவது இல்லாத பலசரக்குக் கடை அரிது. "இது சீனி வருத்தத்துக்கு நல்லதாமே?" என்று வாடிக்கையாளர் கேட்பார். நாமும் கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியை வாசித்துக் காட்டுவோம். அதை எழுதியது யாரென்று இருவருக்கும் தெரியாது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கென்று கொடுத்த பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது.

எனவே, விற்பனையில் பங்கில்லாதவர் எழுதியதைத் தேடிப் படிக்க வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகங்களின் கீழ் 1998 முதல் இயங்கும் ஒரு மையம் தன் இணையத்தளத்தில் மூலிகைகளுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. 2014இல் பெயர் மாறி, இப்போது சுருக்கமாக என்.சி.சி.ஐ.எச். எனப்படுகிறது. கட்டணம் இல்லை. தமிழில் இல்லை என்பதே குறை. வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைகளின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். ஒன்றைத் திறந்தால் முதலில் வழக்குப் பெயரும் தாவரவியல் பெயரும் வரும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நமது கறுவாவும் சீனப் பக்கத்துக் 'காசியா'வும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில்தான் விற்பனையாகின்றன. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். ஈரல் நோயுள்ளவர் நெடுநாள் உட்கொண்டால் அது தீங்காகலாம். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். தரம் பார்த்து வாங்குபவரிடம் நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க உண்மை இது. ஆனால் அதே பக்கம், கறுவா எந்த நோயையும் தீர்க்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறைப்பது வியாபாரமல்ல, மோசடி.

பயன் பற்றிய பகுதியைத்தான் எல்லோரும் வாசிப்பார்கள். கடைக்காரர் வாசிக்க வேண்டியது அதற்குக் கீழே வரும் பாதுகாப்புப் பகுதி. உணவில் சேர்க்கும் அளவுக்கு மேல் வெந்தயம் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று அங்கேதான் இருக்கிறது. கற்றாழையை எடுங்கள். கற்பிட்டி மணலில் தானாக முளைப்பதுதானே என்று முழு மடலையும் அரைத்துப் போத்தலில் அடைப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் சோறு வேறு, தோலோரத்தில் வடியும் மஞ்சள் பால் வேறு. அந்தப் பால் கடும் பேதி மருந்து. அது சேர்ந்த பேதி மருந்துகளை மருத்துவச் சீட்டின்றி விற்பதை அமெரிக்கா 2002இல் நிறுத்தியது. இந்த வேறுபாடு தெரியாமல் சாறு விற்பவர் வாடிக்கையாளரின் உடலோடு விளையாடுகிறார்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கேட்டால் இன்னும் கவனம் தேவை. சீனி மாத்திரையோடு சில மூலிகைகளை அதிகமாகச் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். "டொக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்வதால் ஒரு போத்தல் விற்காமல் போகலாம். போகட்டும்.

இணையத்தில் படித்ததை அப்படியே லேபலில் அச்சடிக்கவும் கூடாது. நோய் தீரும் என்று எழுதிவிட்டால் அது பலசரக்கு அல்ல, மருந்து. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. அச்சகத்துக்குப் போவதற்கு முன் மகரகமை நாவின்னயிலுள்ள ஆயுர்வேதத் திணைக்களத்தில் விசாரியுங்கள். படித்த பக்கத்தின் திகதியையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஆய்வுகள் வரும்போது அந்தப் பக்கங்களைத் திருத்துகிறார்கள்.