நியூட்ரான்களின் உஷ்ணமும் மண் பரிசோதனையும்

செஞ்சிக் கோட்டையிலுள்ள பழைய நெற்களஞ்சியங்களைப் பலரும் கண்டிருப்பர். களஞ்சியக் கணக்கு நெல்லை மட்டும் பொறுத்ததன்று. அளக்கும் மரக்காலையும் பொறுத்தது. மரக்கால் பிசகினால் கணக்கு முழுவதும் பிசகும். மண்ணிலுள்ள நுண்சத்துக்களை அளப்பதற்கும் இவ்விதி பொருந்தும்.

நெல்லுக்கும் மணிலாக்கொட்டைக்கும் துத்தநாகம், மாங்கனீஸ் முதலியவை சொற்ப அளவிலேனும் இன்றியமையாதவை. இவற்றை அளக்கும் வழிகளுள் ஒன்று நியூட்ரான் கிளர்வுப் பரிசோதனை. 1936-ஆம் ஆண்டில் ஹெவிஸி, ஹில்டே லெவி என்னும் இருவர் இதனைக் கண்டனர். நம் மாகாணத்தில் கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்னும் சிறிய ஆராய்ச்சி அணு உலை இதற்கும் பயன்படுமாறு அமைக்கப்பட்டது.

சிறிதளவு மண்ணை அணு உலையில் வைத்தால், அதிலுள்ள மூலகங்கள் நியூட்ரான்களை ஏற்றுக் கதிர்வீசத் தொடங்கும். கதிர்வீசும் மாங்கனீஸ் சுமார் 2.6 மணி நேரத்திலும், துத்தநாகம் சுமார் 244 நாட்களிலும் பாதியாய்க் குறையும். கதிரின் குறியைக் கொண்டு மூலகத்தையும், அதன் மிகுதியைக் கொண்டு அளவையும் அறியலாம்.

உலையிலுள்ள நீருடன் மோதி மோதி நியூட்ரான்கள் வேகம் தணிந்து, நீரின் உஷ்ணத்தை ஒட்டிய நிலையை அடைகின்றன. 20 டிகிரி சென்டிகிரேடில் அவற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 2,200 மீட்டர். உஷ்ணம் ஏறினால் வேகமும் ஏறும். வேகம் ஏற ஏறப் பெரும்பாலான மூலகங்கள் நியூட்ரான்களைக் குறைவாகவே ஏற்கும். துத்தநாகம், மாங்கனீஸ், தங்கம் யாவும் ஒரே விகிதத்தில் குறைவதால், தங்கத்தை அளவுகோலாகக் கொண்டால் பிழை நீங்கிவிடும். யூரோப்பியம், லுட்டீசியம் போன்ற சில மூலகங்கள் இவ்விதிக்கு அடங்கா. அவற்றை அளக்க நியூட்ரான்களின் உஷ்ணம் தெரிந்தாக வேண்டும்.

அதனை அளப்பது எவ்வாறெனில், தங்கத் தகட்டையும் லுட்டீசியத் தகட்டையும் ஒருங்கே உலையில் வைப்பர். உஷ்ணம் ஏறினால் தங்கம் குறைவாகவும் லுட்டீசியம் மிகுதியாகவும் கிளர்ச்சியுறும். வேகம் தணியாத நியூட்ரான்களின் பங்கைக் கழிப்பதற்கு, காட்மியத்தில் பொதிந்த மற்றொரு ஜோடியையும் வைப்பர். தணிந்த நியூட்ரான்களைக் காட்மியம் தடுத்துவிடும். எஞ்சிய இரு கிளர்ச்சிகளின் விகிதமே உஷ்ணமானியாகும்.

நிற்க. இப்பரிசோதனை மண்ணிலுள்ள மொத்தத் துத்தநாகத்தையே காட்டும். பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கைக் காட்டாது. மொத்தம் மிகுந்திருப்பினும் பயிர் வாடலாம். ஆகையால் துத்தநாக சல்பேட் இடுமுன் மண் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையைப் பெறுவதே முறை.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். வரப்பு, எருக்குவியல், மரநிழல் இவற்றை விலக்கி, பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்துக. துத்தநாகம் பூசிய வாளியைத் தவிர்க்க; பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. வாளியின் துத்தநாகம் மண்ணின் கணக்கில் சேர்ந்தால், எத்துணை நுட்பமான கருவியும் அப்பிழையைத் திருத்த இயலாது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.