காலதர்: பசுமைக் கட்டடம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என மாந்தரின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுத்துரைப்பது மரபு. இவற்றுள் முன்னைய இரண்டிலும் தவறு நேரின் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். உறையுளோ அத்தகையதன்று. ஒருமுறை எழுப்பிய சுவர் ஐம்பது ஆண்டேனும் நிற்கும். அதனைத் தவறான திசையில் எழுப்பியவர் மறைந்த பின்னரும் அத்தவறு அங்கு வாழ்வோரை வருத்திக்கொண்டே இருக்கும்.

இவ்வருத்தம் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதுமன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, எரிபொருள் நுகர்வாலும் தொழிற்சாலை வினைகளாலும் 2021ஆம் ஆண்டில் உலகில் வெளிப்பட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ 37 விழுக்காடு, கட்டடங்களைக் கட்டுவதாலும் அவற்றைப் பயன்படுத்துவதாலும் தோன்றியதாகும். ஆகவே வீடு கட்டுதல் என்பது தனிமனிதர் செயல் போலத் தோன்றினும், உலகின் வெப்பத்தோடு நேரே தொடர்புடைய பொதுச் செயலே என்பது தெளிவு.

இந்நிலையில் ‘பசுமைக் கட்டடம்’ என்னும் தொடர் எங்கும் வழங்கி வருகின்றது. கூரைமேல் சூரிய ஒளித்தகடு, முகப்பில் தொட்டிச் செடிகள், வாயிலில் ஒரு சான்றிதழ் ஆகியன இருப்பின் அது பசுமைக் கட்டடம் என்று பலரும் எண்ணுகின்றனர். பசுமை என்பது கட்டி முடித்தபின் பூட்டப்படும் அணிகலன் அன்று. அடித்தளம் தோண்டுமுன் எடுக்கப்படும் முடிவு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் கற்பிப்போர்க்கு இதில் என்ன தொடர்பு என மாணவர்கள் வினவக்கூடும். அவ்வினாவுக்கு ஒரு சொல்லைக்கொண்டே விடை தேடுவோம்.

காலதர் என்னும் சொல்

இன்று நாம் ‘ஜன்னல்’ என்று வழங்குவதனைப் பழந்தமிழர் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே இதன் பொருள். ஒரு பொருளுக்குப் பெயரிடும்போது அப்பொருளின் பயனையே பெயராக்கிய நுட்பம் இங்குக் கருதத்தக்கது. ‘ஜன்னல்’ என்னும் சொல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது; அதன் ஒலி, அது எதற்காக அமைக்கப்படுகின்றது என்பதை நமக்கு உணர்த்துவதில்லை. காலதர் என்று சொல்லிப் பழகியவர் காற்று வாராத இடத்தில் அதனை அமைத்திரார் அன்றோ? புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்களை மானின் கண்ணுக்கு ஒப்பிடுகின்றது சிலப்பதிகாரம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் செய்திகள் இன்னும் நுட்பமானவை. உயர்ந்த மாடத்தின் மேல்நிலையில் வேனிற்காலத்திற்கென ஒரு படுக்கையிடம் அமைந்திருக்கின்றது. தென்றல் நேரே உள்வரும் வண்ணம் அதற்குச் சாளரம் வைக்கப்பட்டுள்ளது. கூதிர்க்காலம் வந்தவுடன் அச்சாளரத்தின் கதவுகள் தாழிடப்படுகின்றன. கோடையில் வீசிய விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டு, அவற்றில் சிலந்தி நூல் படிந்து கிடக்கின்றது. ஒரே வீடு பருவத்திற்கேற்பத் திறந்தும் மூடியும் தன்னை மாற்றிக்கொள்வதை இங்குக் காண்கிறோம்.

அப்பாடலே அரண்மனைக்கு நிலம் வகுத்த முறையையும் கூறுகின்றது. இரு கோல்களை நட்டு, நண்பகலில் அவற்றின் நிழல் ஒருபுறமும் சாயாத நேரம் பார்த்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறித்தனர். இதனை மங்கலச் சடங்கு என்று மட்டும் விளக்கிச் செல்வது வகுப்பறை வழக்கம். மங்கலம் ஒருபுறமிருக்க, ஞாயிற்றின் இயக்கத்தை அளந்த பின்னரே மனையை அளந்தனர் என்பதும் அங்கே கிடக்கும் செய்தியாகும்.

காற்றின் திசை

இவ்வறிவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வெப்பமிக்க நாடுகள் பலவற்றிலும் மக்கள் இதனைத் தத்தம் வழியில் கண்டறிந்தனர். எகிப்தின் கெய்ரோ நகரத்துப் பழைய இல்லங்களில் ‘மல்கஃப்’ என்னும் காற்றுக்கோபுரம் உண்டு. கூரைக்கு மேல் எழும் அதன் வாய், குளிர்ந்த காற்று வரும் வடதிசை நோக்கி அமைந்திருக்கும். தெருவின் வெப்பமும் புழுதியும் கலவாத மேற்காற்று அதன் வழியே கூடத்திற்குள் இறங்கும். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900–1989) இத்தகைய அமைப்புகளை ஆராய்ந்து, அவற்றின் அறிவியலை நூல்களில் விளக்கினார்.

கெய்ரோவின் காலதர் வடக்கு நோக்குகின்றது. தமிழரின் காலதர் தெற்கு நோக்குகின்றது. திசை மாறுபடினும் கேட்கப்பட்ட வினா ஒன்றே: இந்த மண்ணில் காற்று எங்கிருந்து வருகின்றது? ஒரு நாட்டின் வடிவத்தை மற்றொரு நாட்டில் அவ்வாறே பெயர்த்து வைப்பது பசுமையாகாது. வினாவைப் பெயர்த்து வைப்பதே பசுமையாகும்.

இந்தியாவில் பசுமைக் கட்டட இயக்கத்தின் முதற்பெரும் சான்றாகக் கூறப்படுவது ஹைதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையமாகும். 2004ஆம் ஆண்டு அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களால் திறந்து வைக்கப்பட்ட இக்கட்டடம், ‘லீட்’ என்னும் தரமதிப்பீட்டில் பிளாட்டினம் நிலையைப் பெற்றது. புதுமைக் கருவிகள் பல கொண்ட இக்கட்டடத்திலும் காற்றுக்கோபுரங்களும், துளைகளிட்ட ஜாலிச் சுவர்களும், நடுமுற்றமும் இடம்பெற்றுள்ளமை நோக்கத்தக்கது. நாம் இடித்துத் தள்ளிய முற்றத்திற்கு அங்கே உயர்ந்த மதிப்பெண் கிடைத்திருக்கின்றது.

சுவரின் விலை

காற்றுக்கு அடுத்து நாம் எண்ணவேண்டுவது சுவர். சிமெண்டு மூட்டைக்குக் கடையில் கொடுக்கும் விலை ஒன்று. காற்றுவெளி கொடுக்கும் விலை மற்றொன்று. சுண்ணாம்புக்கல்லை ஏனைய பொருள்களோடு ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டே சிமெண்டு செய்யப்படுகின்றது. இச்சூளைக்கு வேண்டிய எரிபொருளின் புகை ஒருபுறம். கல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறுவது மறுபுறம். தூய சுண்ணாம்புக்கல் 1000 கிலோவைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பது வேதியியல் மாணவர் எவரும் கணக்கிட்டுக் காட்டக்கூடிய உண்மை. எரிபொருளை மாற்றினாலும் கல்லிலிருந்து எழும் இவ்வாயுவை நிறுத்த இயலாது. எனவே சிமெண்டைத் தூய்மையாகச் செய்வதோடு, குறைவாகச் செலவிடுவதும் இன்றியமையாததாகின்றது.

நம் முன்னோர் பயன்படுத்திய சுண்ணாம்பும் சுட்டுப் பெறப்பட்டதே. ஆயினும் அதற்குச் சிமெண்டைவிடக் குறைந்த வெப்பமே போதும். மேலும், சுவரில் பூசிய சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. கல் இழந்ததனைச் சுவர் பெருமளவு மீட்டுக்கொள்ளுகின்றது எனலாம்.

சிக்கனத்தை ஒரு கலையாகவே ஆக்கிக் காட்டியவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகிக் கேரளத்தில் வாழ்ந்த அவர், திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அமைத்தார். செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரப்பினார். இம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவிலுள்ள வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் சுமையைத் தாங்காது. அங்கே அதற்கு மாற்றாகப் பழைய ஓடுகளைப் பதிக்கும் முறையையும் அவர் கையாண்டார். வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் கூறியதனைப் பேக்கர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்து வந்தார்.

தமிழ்நாட்டில் ஆரோவில்லிலும் இம்முயற்சி தொடர்கின்றது. அவ்விடத்து மண்ணோடு ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு மட்டும் கலந்து, எந்திரத்தால் அழுத்தி, சூளையில் சுடாமலே செய்யப்படும் மண்கற்களால் அங்கே கட்டடங்கள் எழுந்துள்ளன. அத்தகைய கற்களால் அமைந்த அங்குள்ள பார்வையாளர் மையம் 1992ஆம் ஆண்டு ஹசன் ஃபாத்தியின் பெயரால் வழங்கப்படும் விருதினைப் பெற்றது.

வாழ்வோர் மனம்

காற்றும் சுவரும் சரியாக அமைந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஃபாத்தியின் வாழ்க்கையே சான்று. எகிப்தின் லக்சர் அருகே, பண்டைக் கல்லறைகளின் மேல் அமைந்திருந்த குர்னா என்னும் சிற்றூரின் மக்களை வேறிடத்தில் குடியேற்ற அரசு எண்ணியது. புதிய ஊரை அமைக்கும் பணி 1945இல் ஃபாத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. தாங்குமரம் இன்றியே மண்செங்கல்லால் வளைகூரை எழுப்பும் கலையறிந்த நூபியக் கொத்தனார்களைக் கொண்டு வீடுகளும், பள்ளிவாசலும், சந்தையும், அரங்கும் அவர் எழுப்பினார். உலகம் அவ்வூரைப் போற்றியது. ஆனால் யாருக்காகக் கட்டப்பட்டதோ அம்மக்கள் பெரும்பாலோர் அங்கே குடியேற மறுத்துவிட்டனர். அவர்தம் பிழைப்பு பழைய ஊரோடும் அதன் அடியிலிருந்த கல்லறைகளோடும் பிணைந்திருந்தது. பணி பாதியிலே நின்றது. தம் வெற்றியோடு இத்தோல்வியையும் ஃபாத்தி மறைக்காமல் நூலாக எழுதினார். பின்னர் ‘ஏழைகளுக்கான கட்டடக் கலை’ என்னும் பொருள்படும் தலைப்பில் உலகெங்கும் பரவிய நூல் அதுவே.

நம் ஊர்களிலும் மண்சுவர் என்றவுடன் வறுமையின் நினைவே எழுகின்றது. தந்தை ஓலைக் குடிசையில் வாழ்ந்திருப்பார். மகன் அயல்நாடு சென்று உழைத்துக் கான்கிரீட் வீடு எழுப்புவார். அவ்வீடு அவருக்குக் கூரை மட்டுமன்று, தலைநிமிர்வும் ஆகும். அவரிடம் சென்று மண்ணின் பெருமை பேசுவது எளிது. அவர் மதிப்புக் குறையாத வண்ணம் குளிர்ந்த வீடு ஒன்றைக் கட்டிக்காட்டுவதே அரிது. அதனைச் செய்யாத பசுமை, செல்வரின் பொழுதுபோக்காகவே முடியும்.

அளந்து பார்த்தல்

பிறரைக் கூறி நம்மைக் கூறாது விடுவது முறையன்று. நெடுநல்வாடையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகின்றோம். தென்றல் நுழையும் சாளரத்தை மாணவர் மனங்கொள்ள விளக்கியிருக்கின்றோம். ஆயினும் பாட்டனார் காலத்து முற்றம் வைத்த ஓட்டு வீட்டை இடித்துப் புதுவீடு கட்டியபோது, காற்று எத்திசையிலிருந்து வரும் என்று கொத்தனாரை ஒரு வார்த்தையும் கேட்டோமில்லை. முகப்பு எடுப்பாக இருத்தல் வேண்டும் என்று மட்டுமே கேட்டோம். தெற்குப் புறம் வாகனம் நிறுத்தும் இடமாயிற்று. படுக்கையறை மேற்குச் சுவரை ஒட்டி அமைந்தது. மாலையில் காய்ந்த அச்சுவர் நள்ளிரவு வரை கனல்கின்றது. வயது முதிர்ந்த நம் தாயார் சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வறையை விட்டுத் திண்ணையைத் தேடினார். புதுவீட்டில் திண்ணையும் இல்லை.

நடுவண் அரசு 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பையும், 2018இல் குடியிருப்புகளுக்கான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் தொகுப்பையும் வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதிகளில், காற்றுக்காகத் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் உட்புறத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது அத்தொகுப்பு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்றே இது வகுக்கப்பட்டது. அஃதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. நம் போன்றோர் வீடுகள் அதற்குள் அடங்கா. எனினும் அளந்து பார்ப்பதைத் தடுப்பார் யார்?

அளந்தோம். உட்புறம் 900 சதுர அடி. திறப்பு 150 சதுர அடி வேண்டும். ஆறு ஜன்னல்கள் சேர்ந்து 96 சதுர அடி. ஆனால் அவை நகர்த்தும் கண்ணாடிக் கதவுகள் கொண்டவை. ஒரு நேரத்தில் பாதியே திறக்கும். எனவே 48. வெளிவாயில் இரண்டும் சேர்த்து 45. மொத்தம் 93. காலதர் என்னும் சொல்லுக்கு உரை கூறியவர் வீட்டில் காற்றுக்கு வழி 57 சதுர அடி குறைந்திருந்தது!

அதன்பின் மேற்குப் புறத்தில் வேம்பு ஒன்று நட்டோம். ஜன்னல்கள் மூன்றினை முழுதும் திறக்கும் கதவுகளாக மாற்றினோம். மாடித் தளத்தில் வெண்சுண்ணாம்பு பூசினோம். அறையின் வெப்பம் தணிந்தது, ஒழிந்துவிடவில்லை. கட்டுமுன் ஒரு வினா கேட்டிருந்தால் செலவின்றிக் கிடைத்திருக்கும் பயனைக் கட்டியபின் பொருள் கொடுத்துப் பாதியே பெற்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பசுமைக் கட்டடம் என்பது மூன்று வினாக்களில் அடங்கும் என அறியலாம். காற்று எங்கிருந்து வருகின்றது? சுவர் எதனால் ஆகின்றது? உள்ளே வாழ்வோர் அதனை விரும்புவரா? இம்மூன்றனுள் ஒன்று விடுபடினும் ஏனைய இரண்டும் பயன் தாரா.

நம் கல்லூரி மாணவர்கள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் சொந்த வீடு கட்டுவர், அல்லது கட்டும் தந்தைக்குத் துணை நிற்பர். அன்று வரைபடம் மேசைமேல் விரிக்கப்படும்போது, முகப்பின் வண்ணம் பற்றிப் பேசுமுன் ஒரு விரலை அதன்மேல் வைத்துக் காலதர் எங்கே என்று கேட்க வேண்டுகிறோம். அதற்குமுன் இன்று மாலையே ஓர் அளவுநாடாவை எடுத்துத் தத்தம் இல்லத்தில் காற்றுக்கு விட்ட வழியை அளந்து, ஆறால் பெருக்கித் தரைப்பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழந்தமிழ்ச் சொல் ஒன்றன் பொருளை உணர்வதற்கு அதனினும் நல்ல உரை நாம் எழுதிவிட இயலாது.